மரப்பாதையின் மூன்றாம் வளைவு

புதுக் கண்ணாடி அவருக்குச் சரியாக உட்காரவில்லை.

வேறு யார் பார்த்தாலும் குறை தெரிந்திருக்காது. ஃபிரேம் மூக்கில் அழுந்தவில்லை, காதோரம் இழுக்கவில்லை. ஆனால் அவள் பதினேழு வருஷமாக ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் மாட்டுகிறவள். ஒரு முகத்தை நேருக்கு நேர் பார்த்தால் போதும், கண்மணி லென்ஸின் நடுவில் நிற்கிறதா, மயிரிழை விலகியிருக்கிறதா என்று சொல்லிவிடுவாள். கணவரின் கண்மணிகள் நடுவில் இல்லை. இரண்டுமே மூக்குப் பக்கமாக ஒதுங்கியிருந்தன.

"நல்லாத் தெரியுதா?" என்று கேட்டாள்.

"தெரியுது."

"தலை சுத்துதா? தரை சாய்ஞ்ச மாதிரி இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

அவர் அப்படிச் சொல்கிற ஆளே இல்லை. புதுக் கண்ணாடி போட்டால் ஒரு வாரத்துக்கு வீட்டை இரண்டாக்குவார். படி உயரமாகத் தெரிகிறது, சோப்பு சின்னதாகத் தெரிகிறது, பக்கத்து வீட்டுக்காரர்கூட அழகாகத் தெரிகிறார், எங்கேயோ தப்பு நடந்திருக்கிறது என்று ஊரைக் கூட்டுவார். இப்போது அந்த ஒரு வார்த்தையோடு முடித்துக்கொண்டு, கைகளை முழங்கால்மேல் வைத்து, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

கைப்பையில் எப்போதும் கிடக்கும் சின்ன பிளாஸ்டிக் அளவுகோலை எடுத்து அவர் மூக்கின்மேல் குறுக்கே வைத்தாள். ஒரு கண்மணியின் நடுவிலிருந்து மறு கண்மணியின் நடு வரைக்கும் அறுபத்தொரு மில்லிமீட்டர். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். அறுபத்தொன்று. கடையில் இருக்கும் அவருடைய அட்டையில் அவள் கையாலேயே எழுதியிருந்தது அறுபத்து நான்கு. இதுவரை மூன்று முறை கண்ணாடி மாற்றியிருக்கிறார். மூன்று முறையும் அறுபத்து நான்குதான்.

கண்ணின் பவர் மாறும். முடி கொட்டும், தொப்பை விழும். வளர்ந்து முடிந்த மனிதனின் இரண்டு கண்களும் ஒன்றையொன்று நெருங்கி வருவதில்லை. எலும்பு அப்படி விட்டுக்கொடுக்காது.

நான்தான் முன்னால் தப்பாக அளந்திருப்பேன் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மறுநாள் அறுபத்தொன்றுக்கு வேறு லென்ஸ் தேய்த்துக் கொண்டுவந்தாள். அது கச்சிதமாக உட்கார்ந்தது. கடை அட்டையில் இருந்த அறுபத்து நான்கை அவள் திருத்தவில்லை.

பழைய கண்ணாடி ஏரியில் போய்விட்டது. ஐந்து வாரத்துக்கு முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அவரே அதோடு போயிருக்க வேண்டியவர். லிஃப்ட் மெக்கானிக். வாரத்தில் ஆறு நாள் கட்டடங்களின் இருட்டுக் குழிகளுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு தொங்கிவிட்டு, ஏழாவது நாள் வானத்தைப் பார்த்தே தீரவேண்டும் என்று பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஊரோரத்து ஏரிப் பூங்காவுக்குப் போய்விடுவார். அங்கே நாணல் காட்டுக்கு நடுவே, தண்ணீருக்கு மேலேயே, மரப்பலகையில் நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதன் மூன்றாம் வளைவில் கைப்பிடி முறிந்து அவர் விழுந்ததைத் தூரத்திலிருந்து ஒரு குடும்பம் பார்த்தது. நான்கு மணி நேரம் படகு விட்டுத் தேடினார்கள். அவள் போய்ச் சேர்ந்தபோது தேடிக்கொண்டிருந்தவர்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு வெள்ளைப் போர்வையை யாரோ மடித்துத் தயாராக வைத்திருந்தார்கள். பிறகு, கிளம்பிவிடலாம் என்ற நேரத்தில், பூங்காவின் காவலாளி மூச்சிரைக்க ஓடிவந்தார். ஆள் கரையில் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு.

நுரையீரலில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை என்றார்கள் மருத்துவமனையில். மறுபிறவி என்றார்கள் அக்கம்பக்கத்தில். அவளும் அதையேதான் சொன்னாள். சொல்லிச் சொல்லி அழுதாள்.

ஒன்றை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. அன்று காலையிலும் அவர் அவளைக் கூப்பிட்டிருந்தார். "ஒரே ஒரு தடவை வாயேன். நீர்க்காகம் றெக்கையை விரிச்சுக் காயப்போட்டுட்டு நிக்கும் பாரு, மொட்டைமாடியில துணி காயப்போட்ட மாதிரியே இருக்கும். நீ சிரிச்சிடுவே." ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கூப்பிடுவார். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவள் போர்வையை இழுத்து மூடிக்கொள்வாள். அன்று கொஞ்சம் சுருக்கென்றே சொல்லிவிட்டாள்: "இன்னிக்காவது என்னை நிம்மதியாத் தூங்க விடுறீங்களா?" அவர் அவள் தூக்கம் கெடாதபடிக்குக் கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்.

அதனால்தான், வீடு திரும்பிய மூன்றாம் வாரத்தில் பூங்காவின் வரைபடத்தைச் சாப்பாட்டு மேசைமேல் விரித்து, "ஞாயித்துக்கிழமை போகலாம்" என்று அவர் சொன்னபோது, அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியவில்லை.

முதல் ஞாயிற்றுக்கிழமை மழை. அடுத்ததற்குப் பூங்காவில் முன்பதிவுக்கு இடமில்லை. மூன்றாவது நிச்சயம் என்று ஆயிற்று. அவர் இன்னும் வேலைக்குத் திரும்பவில்லை. தினமும் சாயங்காலம் அவள் கடையிலிருந்து வரும்போது வீட்டில் விளக்குப் போட்டிருக்காது. கதவைத் திறந்ததும் முதலில் வருவது வாசனைதான்: ஜன்னல்கள் திறந்தே இருந்தாலும், சட்டைகளை இரண்டு தடவை சோப்புப் போட்டு அலசிக் காயவைத்தாலும், எங்கிருந்தோ கிளம்பி வருகிற மக்கிய இலையின் வாசனை, கூடவே பல நாள் மூடியிருந்த தொட்டியைத் திறந்தால் அடிக்குமே, அப்படி ஒரு குளிர்ந்த வாடை. பிறகு சத்தம். சமையலறையில் ஃபிரிட்ஜ் முனகுவது, குழாயில் ஒரு சொட்டு நின்று நின்று விழுவது, அதற்கெல்லாம் அடியில் காகிதத்தின்மேல் பென்சில் மெதுவாக, மிக மெதுவாக உரசிக்கொண்டு போவது. இருட்டில் உட்கார்ந்து கோடு போட்டுக்கொண்டிருப்பார்.

"லைட்டைப் போட்டுக்கக் கூடாதா?"

"தெரியுதே."

விளக்கைப் போட்டுவிட்டு வரைபடத்தைப் பார்ப்பாள். ஓரங்களெல்லாம் ஈரத்தில் ஊறி நெளிந்திருக்கும். நுழைவாயில், பறவை பார்க்கும் குடில், சிறுவர் மைதானம் எல்லாம் அச்சில் இருந்தன. பென்சில் கோடு எதையும் சட்டை செய்யவில்லை. வாசலில் தொடங்கி, மரப்பாதை வழியாக ஒன்று, இரண்டு என்று வளைவுகளைக் கடந்து, மூன்றாம் வளைவில் பாதையை விட்டு இறங்கி, நீலம் பூசிய ஏரிக்குள் நேராகப் போய் நின்றது. தினமும் அதே கோட்டின்மேல் அதே கோடு. அந்த இடத்தில் காகிதம் தேய்ந்து கிழியப் பார்த்தது.

விழுந்த அதிர்ச்சி, அதையே நினைத்துக்கொண்டிருக்கிறார் என்று அவள் சமாதானம் சொல்லிக்கொண்டாள். டாக்டரும் அப்படித்தான் சொன்னார், கொஞ்ச நாள் ஆகும் என்று. கடையிலிருந்து மதியம் போன் செய்தால் முன்பெல்லாம், "லிஃப்ட்டுக்குள்ள வந்துட்டீங்க, எந்த மாடி மேடம்?" என்பார். பதினேழு வருஷத்துப் பழைய ஜோக். அவளுக்கு அலுத்துப்போன ஜோக். இப்போது அவர் போனை எடுத்ததும் அந்தப் பக்கம் ஒன்றுமே கேட்காது. நீண்ட நேரம் கழித்துப் பெரிதாக ஒரு மூச்சு இழுபடும். அதற்குப் பிறகு குரல் வரும்: "யாரு?"

அந்த மூச்சைப் பற்றி ஒரு சாயங்காலம் தெரிந்துகொண்டாள். தெரிந்துகொண்டிருக்க வேண்டாம்.

சோபாவில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். டிவி ஓடவில்லை. ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் சாம்பலாகிக்கொண்டிருந்தது. அவர் தோளில் தலை சாய்த்தாள், மனசு கேட்காமல். சாய்த்த பிறகுதான் கவனித்தாள், தோள் ஏறி இறங்கவில்லை. சுவர்க்கடிகாரத்தின் முள் நகரும் சத்தத்தை எண்ணினாள். பத்து. இருபது. நாற்பது வரை எண்ணினாள். மார்பு அசையவே இல்லை. "ஏங்க" என்றாள். உடனே மார்பு விரிந்து காற்றை இழுத்தது, மறந்துபோன வேலையை யாரோ ஞாபகப்படுத்தினால் அவசரமாகச் செய்வோமே, அப்படி.

"என்ன?" என்றார்.

"ஒண்ணுமில்ல."

பேசுவதற்கு மட்டும்தான் மூச்சு வேண்டியிருந்தது அவருக்கு.

அந்த வாரம் திட்டம் பெரிதாகியது. நாம் இருவர் மட்டும் போதாது, எல்லாரும் வரவேண்டும் என்றார். எல்லாரும் என்றால் அவருடைய அக்காவும், அக்காவின் ஏழு வயது இரட்டைப் பெண்களும். வாலும் இரண்டு, வாயும் இரண்டு என்பதால் அவர்களுக்கு வீட்டில் ரெட்டைவால் என்றே பெயர். மாமா என்றால் உயிர். அவளுக்கும் அவருக்கும் பிள்ளை இல்லாத வீட்டில் அந்த இரண்டும் வந்தால்தான் மேசைமேல் ஏதாவது உடையும், சிரிப்புச் சத்தம் கேட்கும்.

அக்காவுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். அவள் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அக்கா, ஞாயித்துக்கிழமை பூங்காவுக்குப் போறோம். பிள்ளைங்களைக் கூட்டிட்டு வா."

"அடப்பாவி, செத்துப் பொழைச்ச இடத்துக்கே மறுபடியும் போறியா? உனக்குக் கொழுப்புடா."

மூச்சு இழுபடும் சத்தம்.

"பிள்ளைங்களுக்கு நீச்சல் தெரியுமா?"

"என்னடா இது கேள்வி? போன லீவுல நீதானே ரெண்டுத்துக்கும் கத்துக் கொடுத்தே?"

"நல்லாத் தெரியுமா?"

"எங்கே, அரைகுறைதான். கால் தரையில படலைன்னா கத்துவாளுங்க. ஏன் கேக்குறே?"

"சும்மாதான்."

போனை வைத்துவிட்டுப் பென்சிலை எடுத்தார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எட்டிப் பார்த்தாள். நீலத்தின்மேல், கோடு போய் நிற்கிற இடத்தைச் சுற்றி, சின்னச் சின்ன வட்டங்கள். நான்கு.

"இது என்னங்க?"

"நாமதான்."

"நாம அஞ்சு பேராச்சே?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். கண்ணாடிக்குள் கண்கள் மிகச் சரியாக நடுவில் நின்றன.

வியாழக்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பூங்காவுக்குப் போனாள். காவலாளிக்கு நன்றி சொல்லவேண்டும் என்று தனக்குத்தானே ஒரு காரணம் வைத்துக்கொண்டாள். ஐம்பதைத் தாண்டிய மனிதர், வாசலருகே தகரக் கூரை போட்ட சின்ன அறையில் முன்பதிவு நோட்டோடு உட்கார்ந்திருந்தார். யாரென்று சொன்னதும் எழுந்து நின்றுவிட்டார். முகத்தில் சந்தோஷம் இல்லை. நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"உங்க வீட்டுக்காரர் எப்படி இருக்கார்?"

"இருக்கார்ணே."

"ஞாயித்துக்கிழமைக்கு அஞ்சு பேர்னு எழுதச் சொல்லியிருக்கார். ரெண்டு சின்னப் பிள்ளைங்கன்னு சொன்னார்." நோட்டை மூடினார், திறந்தார், மறுபடி மூடினார். "நான் ஒண்ணு சொன்னா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்கண்ணே."

"அன்னிக்கு அந்தக் கரையில நான் நாலு தடவை நடந்தேன். ஒரு புல் விடலை. நாலாவது தடவை போயிட்டுத் திரும்பி பத்து நிமிஷம்கூட இருக்காது. பார்த்தா உட்கார்ந்திருக்கார். ஓடிப்போய்த் தோளைத் தொடலாம்னு கையை நீட்டினேன். நீட்டின கையை எடுத்துட்டேன்."

"ஏன்?"

"சட்டைப் பொத்தானைப் போட்டுட்டிருந்தாரும்மா. ஒவ்வொரு பொத்தானையும் விரலால தடவித் தடவிப் பார்த்து, இது எந்த ஓட்டைக்குள்ள போகும்னு யோசிச்சு யோசிச்சு. சட்டைங்கிறதையே இதுக்கு முன்னாடி பார்க்காதவங்க மாதிரி. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் 'சார், சார்'னு கூப்பிடுறேன். என் வாயையே பார்த்துட்டு, சத்தம் இல்லாம அதே மாதிரி வாயை அசைச்சுப் பழகினார்."

அவள் கைப்பையின் வாரை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் நுனி வெளுத்துப்போனது தெரியவில்லை.

"பயந்து போயிருப்பார்ணே. தண்ணிக்குள்ள அத்தனை நேரம்..."

"இருக்கலாம். படிச்சவங்க நாலு விதமாச் சொல்வீங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. சின்னப் பிள்ளைங்களை மட்டும் கூட்டிட்டு வராதீங்க."

கைப்பையின் வாரை விரலிலிருந்து அவிழ்த்தபடி கேட்டாள்: "அதுக்கப்புறம் ஏரியில யாராவது தேடினாங்களா?"

அவர் அவளைப் புரியாமல் பார்த்தார். "எதுக்கும்மா தேடணும்? ஆளு கிடைச்சாச்சே."

பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த ஒரு வாக்கியம் மட்டும் அவளோடு உட்கார்ந்து வந்தது. ஆளு கிடைச்சாச்சே. ஆள் கிடைத்துவிட்டதால் படகைக் கரையில் ஏற்றிவிட்டார்கள். மடித்து வைத்த போர்வையை எடுத்துப் போய்விட்டார்கள். ஆள் கிடைத்துவிட்டதால் அவளும் சாமான் செட்டெல்லாம் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள், மருந்து வாங்கினாள், சட்டை துவைத்தாள், பக்கத்தில் படுத்துத் தூங்கினாள். ஐந்து வாரம். இந்த ஐந்து வாரமும் அவரை யாருமே தேடவில்லை.

முன் இருக்கையின் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதாள். யாரோ தண்ணீர் பாட்டிலை நீட்டினார்கள். அதைப் பார்த்ததும் இன்னும் அழுதாள்.

அதற்குப் பிறகு வீட்டில் இருந்ததை அவளால் மனசுக்குள்கூட 'அவர்' என்று சொல்ல முடியவில்லை.

வெள்ளிக்கிழமை கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் இயந்திரத்தை ஓடவிட்டு, அந்த இரைச்சலுக்குள் நின்று நாத்தனாருக்குப் போன் செய்தாள்.

"அண்ணி, ஞாயித்துக்கிழமை வேண்டாம். அவருக்குக் காய்ச்சல். இன்னொரு நாள் போகலாம்."

"நல்லதாப் போச்சு போ. எனக்கும் அந்தப் பக்கம் கால் வெக்கவே பிடிக்கலை. ரெட்டைவாலுங்கதான் ரெண்டு நாளைக்கு ஒப்பாரி வெக்கும். அவன்கிட்ட போனைக் குடேன், ஒரு வார்த்தை பேசிடுறேன்."

"நான் கடையில இருக்கேன். அவர் தூங்குவார். நீங்க போன் பண்ணாதீங்க அண்ணி. அவர் பண்ணினாலும் எடுக்காதீங்க. டாக்டர் பேசவே கூடாதுன்னு சொல்லியிருக்கார்."

"உன் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கு?"

"ஜலதோஷம் அண்ணி."

"உடம்பைப் பார்த்துக்க. அவனைப் பார்த்துக்கிறேன்னு நீ படுத்துடாதே."

சரி என்றாள். பிள்ளைகளிடம் போனைக் கொடுக்கச் சொல்லலாமா என்று நினைத்தாள். கொடுத்தால் உடைந்துவிடுவாள் என்று வைத்துவிட்டாள். இயந்திரம் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது.

ஓடிப்போயிருக்கலாம். அதையும் யோசிக்காமல் இல்லை. ஆனால் அவள் ஓடினால் அது மறுபடியும் அக்காவைக் கூப்பிடும். அக்கா தம்பி கூப்பிட்டால் வருவாள். அது ஒரு காரணம். இன்னொரு காரணத்தை அவள் தொட்டுப் பார்க்கப் பயந்தாள், அழுத்தினால் வலிக்கும் பல்லைப் போல. அவர் அங்கே இருக்கிறார்.

சனிக்கிழமை சாயங்காலம் மேசைக்கு எதிரே நின்று சொன்னாள்: "நாளைக்கு நாம ரெண்டு பேர் மட்டும் போகலாம். அவங்களுக்கு வேலை இருக்காம்."

பென்சில் நின்றது. குழாயில் ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று. அது அவளையே பார்த்துக்கொண்டிருந்தது. கோபம் இல்லை, ஏமாற்றம் இல்லை. அவர் முகத்தில் அவள் பார்த்துப் பழகிய எதுவுமே அதில் இல்லை. பிறகு மார்பு விரிந்தது.

"சரி."

ரப்பரை எடுத்து மூன்று வட்டங்களை நிதானமாக அழித்தது. துகளை ஊதித் தள்ளத் தெரியவில்லை. விரலால் ஒவ்வொரு துகளாகப் பொறுக்கி எடுத்தது.

அவள் அறைக்குப் போய்ப் பை கட்டினாள். பிளாஸ்க், ரொட்டி. அலமாரியைத் திறந்து, அவருடைய உலர்ந்த சட்டை ஒன்று, கால்சட்டை, தடித்த துண்டு. எதற்கென்று தன்னையே கேட்டுக்கொள்ளவில்லை. சட்டையை முகத்தில் அழுத்திப் பார்த்தாள். எண்ணெய்ப் பிசுக்கின் வாசனை இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கெல்லாம் பூங்கா வாசலில் இருந்தார்கள். பனி இறங்கியிருந்தது. எதிரே பத்தடிக்கு மேல் தெரியவில்லை. காவலாளி நோட்டில் அடித்து எழுதினார். இரண்டு பேர். பிள்ளைகள் இல்லை என்று பார்த்ததும் அவர் தோள்கள் தளர்ந்தன. பிறகு அவளைப் பார்த்தார், மறுபடி இறுகிப்போனார்.

"நீங்களும் போகணுமாம்மா?"

"நான் மட்டும்தாண்ணே."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் பக்கத்தில் நின்றிருந்த அது, காவலாளியின் உதடுகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. வாயை மூடிக்கொண்டார்.

மரப்பாதை ஈரமாக இருந்தது. இரு பக்கமும் நாணல் ஆள் உயரத்துக்கு எழுந்து, நுனியெல்லாம் பனிக்குள் கரைந்து, பாதை எங்கே முடிகிறது தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று தெரியாமல் செய்திருந்தது. முதல் வளைவு வரை பறவைச் சத்தம் கேட்டது. எங்கோ ஒரு நீர்க்கோழி, நாணலுக்குள் சின்னக் குருவிகளின் சலசலப்பு. இரண்டாம் வளைவில் அது குறைந்தது. பிறகு நின்றது. பலகைகளின்மேல் அவள் காலடி மட்டும் கேட்டது. முன்னால் நடந்த கால்களிலிருந்து சத்தமே வரவில்லை. வரைபடத்தை அது வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தது. வீட்டுக்குப் போகிறவர்களின் நடை.

மூன்றாம் வளைவு.

கைப்பிடியில் ஒரு பகுதி மட்டும் புது மரம். வெளுப்பாக. அதற்கு அடுத்து, படகு கட்டுவதற்கான இரண்டு படிகள் தண்ணீருக்குள் இறங்கின.

அது உட்கார்ந்தது. ஷூவைக் கழற்றியது. இரண்டையும் ஒட்டி வைத்தது.

"செருப்பைக் கழட்டு."

அவள் அசையவில்லை. பிறகு முழந்தாளிட்டாள். பலகையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். பை தோளிலிருந்து வழுக்கிப் பக்கத்தில் விழுந்தது.

தண்ணீர் கறுப்பாக இருந்தது. ஒரு இலை மிதந்தது. அவள் மூச்சுக் காற்றில் இலை மெல்ல விலகியது.

முதலில் தன் நிழல் என்று நினைத்தாள். நிழலென்றால் அவள் அசைந்தபோது அதுவும் அசைந்திருக்கும்.

முகம்.

ஒரு முழம் ஆழத்தில். நிமிர்ந்து. மேலே பார்த்தபடி.

மோவாயைக் கொஞ்சம் தூக்கி, தூரத்தில் இருப்பதை உற்றுப் பார்க்கும்போது நெற்றியைச் சுருக்குவாரே, அப்படி. தலைமுடி நீரில் எழுந்து ஒரு பக்கமாகச் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தது. உடம்பு நின்றிருந்தது. மிதக்கவில்லை. அடிச்சேற்றில் கணுக்கால் வரை புதைந்து, நின்றிருந்தது. ஐந்து வாரமாக நின்றிருந்தது.

இமைகள் மூடித் திறந்தன.

"ஏங்க," என்றாள். மறுபடி சொன்னாள். "ஏங்க."

அவர் அவளைப் பார்த்துவிட்டார்.

வாய் திறந்தது. குமிழ் எதுவும் வரவில்லை. தலை அசைந்தது. இந்தப் பக்கம். அந்தப் பக்கம். தண்ணீர் விடுகிற அளவுக்கு மெதுவாக, ஆனால் நிறுத்தாமல். வேண்டாம். ஒரு கை எழுந்தது. உள்ளங்கையை அவள் பக்கம் விரித்துத் தள்ளியது. போ. போய்விடு.

பின்னால் பலகை கிறீச்சிட்டது.

நிழல் ஒன்று அவள் தோளைத் தாண்டி நீண்டு தண்ணீரின்மேல் விழுந்தது. அவர் முகத்தின்மேல் விழுந்தது. அவர் இன்னும் வேகமாகத் தலையை ஆட்டினார்.

மூச்சு இழுபடும் சத்தம், காதுக்குப் பக்கத்தில்.

"இறங்கு."

திரும்பிப் பார்க்கவில்லை. ஓடினால் காவலாளி இருக்கும் இடத்துக்கு மூன்று வளைவு. கத்தினால் கேட்குமோ என்னவோ. அவள் அதையெல்லாம் நினைத்ததாகவே தெரியவில்லை. கீழே அந்தக் கையைப் பார்த்தாள். தோல் வெளுத்துச் சுருங்கியிருந்தது. அப்படியும் அவளை விரட்டிக்கொண்டிருந்தது, பசி தாகம் தூக்கம் ஒன்றும் இல்லாமல், பேச ஒரு ஆள் இல்லாமல், இந்தக் குளிரில். மேலே நடந்துபோனவர்களின் காலடிச் சத்தத்தைப் பலகைக்குக் கீழே இருந்து கேட்டுக்கொண்டே இருந்திருப்பார். ஒவ்வொரு காலடியும் நின்றதும், நின்று பிறகு நகர்ந்து போனதும் கேட்டிருக்கும்.

அவள் இடது செருப்பைக் கழற்றினாள். வலது செருப்பையும்.

கீழே தலை ஆடுவது நின்றது.

அவர் செருப்புகளைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். அவர் முகம் கோணியது. அழுகிறார் என்று தெரிந்தது. கண்ணீர் எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. அவள் முதல் படியில் கால் வைத்தாள். தண்ணீரின் குளிர் எலும்பு வரைக்கும் ஏறியது. பின்னால் இருந்தது பொறுமையாகக் காத்திருந்தது.

அவர் விரித்த கையை மெல்லக் கீழே விட்டார். தன் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தார். பிறகு ஒரு காலைச் சேற்றிலிருந்து கஷ்டப்பட்டுப் பிடுங்கினார், அப்புறம் மற்றொரு காலை. சேறு புகையாக எழுந்து அடங்கியது. நெரிசலான பஸ்ஸில், ஏறி வருகிற மனைவிக்காக இருக்கையில் ஒதுங்கிக்கொள்கிறவரைப் போல, அவர் ஒருவர் நிற்கிற அளவுக்குப் பக்கத்தில் நகர்ந்துகொண்டார்.